கொலாபா நிலையத்தின் விலை

மும்பையின் தென்முனையில் ரயில்வே அதிகாரிகளின் குடியிருப்பான பத்வார் பார்க் அமைந்துள்ள இடம், 1930 டிசம்பர் 31 வரை கொலாபா முனையமாக, அதாவது வண்டிகள் வந்து முடியும் கடைசி நிலையமாக, விளங்கியது. பின்னாளில் மேற்கு ரயில்வேயில் இணைந்த பம்பாய், பரோடா, மத்திய இந்திய ரயில்வே என்ற நிறுவனம், 1867இல் விராருக்கும் பேக் பேக்கும் இடையே புறநகர் வண்டியைத் தொடங்கி, 1870களில் பாதையைக் கொலாபா வரை நீட்டி, 1896இல் அங்கே புதிய கட்டடத்தையும் எழுப்பியது. 1928 ஜனவரியில் கொலாபாவிலிருந்து போரிவலி வரை மின்சார வண்டிகளும் ஓடத் தொடங்கின. அதன்பின் மூன்று ஆண்டுகூட முடியுமுன் முனையமே மூடப்பட்டது என்பதை எந்தப் போக்குவரத்துக் கணக்கைக் கொண்டும் விளக்க இயலாது.

காரணம் நிலம். பேக் பே விரிகுடாவை மண்ணிட்டு நிரப்பி மனையாக்கும் திட்டத்துக்கு, கரையோரம் ஓடிய தண்டவாளம் குறுக்கே நின்றது. ஆளுநர் ஜார்ஜ் லாய்டு முன்னின்று நடத்திய அத்திட்டத்தின் செலவையும் சீர்கேட்டையும் வழக்கறிஞர் கே. எஃப். நரிமன் அம்பலப்படுத்தினார்; கருதிய பரப்பில் பாதிகூட அப்போது கரையேறவில்லை. ஆயினும் பாதை போனது போனதுதான்: தொலைதூர வண்டிகள் புதிய பம்பாய் சென்ட்ரலுக்கு மாற, புறநகர் வண்டிகள் சர்ச்கேட்டோடு நின்றன.

இழந்த அந்தத் தொடர்பு 2025 அக்டோபரில்தான் தண்டவாளமாகத் திரும்பியது. 37,000 கோடி ரூபாய்க்கும் மேல் விழுங்கிய, ஏறக்குறைய 33.5 கிலோமீட்டர் நீளமுள்ள மூன்றாம் மெட்ரோ வழித்தடம், கொலாபாவை அடுத்த கஃப் பரேடு வரை சுரங்கத்தில் செல்கிறது. பழைய ரயில் எட்டாத பகுதிகளையும் இது இணைப்பதால், முழுச் செலவையும் 1930ஆம் ஆண்டு முடிவின் தலையில் ஏற்றுவது நியாயமன்று. ஆனால் தென்முனைக்கு மேற்பரப்பில் இருந்த வழியைக் கைவிட்ட நகரம், அதே முனையை அடைய நிலத்தடியைக் குடைய நேர்ந்தது என்பதை மறுக்க முடியாது.

கொலாபா தரும் பாடம் இன்றைய ரயில் நிலங்களுக்கும் பொருந்தும். பயன்படாத ரயில் நிலங்களை நீண்டகாலக் குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டுவது ரயில் நில மேம்பாட்டு ஆணையத்தின் பணி. வருவாய் தேடும் துறை தரிசு நிலத்தைப் பூட்டி வைக்க வேண்டுமா என்ற கேள்வி பொருளற்றதன்று. பூட்ட வேண்டியதில்லை, நிலையத்தையும் பணிமனையையும் குத்தகைக்கு விடட்டும், ஆனால் இரண்டு தண்டவாளங்கள் செல்லும் அகலத்துக்கு ஒரு தொடர்ச்சியான பட்டையை நிரந்தரக் கட்டடம் எழாமல் காக்கும் நிபந்தனை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இடம்பெற வேண்டும். அந்நிபந்தனையைத் துறையின் விருப்பத்துக்கு விடாமல், நாடாளுமன்றம் ரயில்வே சட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.