சீமைக் கருவேலமும் விதையின் மார்க்கமும்

அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டு, 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொணரப்பட்ட சீமைக் கருவேலம், இன்று கோடியக்கரை உவர்நிலத்தில் வெளிமான்கள் மேயும் புல்வெளியையும், திண்டுக்கல் சமவெளியில் குடகனாற்றுப் படுகையையும் குளங்களின் உட்பரப்பையும் ஒருங்கே ஆக்கிரமித்து நிற்பது சாதாரண விஷயமன்று.

இனிப்பான நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் புழுக்கையிலும் சாணத்திலும் ஜீவன் குன்றாது வெளிப்படும் அதன் விதை, மழைநீரோடு வாய்க்கால் வழியே குளத்தை அடைந்து முளைக்கிறது. ஆதலால், அய்யலூர்ச் சந்தைக்கு ஆடுகள் வந்துபோகும் பாதைகளையும், குளங்களுக்கு நீர் கொணரும் ஓடைகளையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், இம்மரம் அடுத்து எங்கே தலைதூக்கும் என்பதைப் பெருமளவு அனுமானித்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை அகற்ற ஆணையிட்டதும், அந்நியத் தாவரங்கள் குறித்து மாநில அரசு 2022இல் கொள்கை வகுத்ததும் வரவேற்கத்தக்கனவே. ஆயினும், வெட்டிவிட்டு அடிக்கட்டையை விட்டால் அது மீண்டும் தழைக்கும். இதன் விறகாலும் கரியாலும் ஜீவனம் நடத்தும் ஏழைகளையும் மறந்துவிடலாகாது. நம் ஊராட்சிகள் அவர்களுக்கே கூலி கொடுத்து, நெற்று முற்றுமுன், வாய்க்கால் தலைப்பிலிருந்து வேரோடு களையும் பணியைத் தொடங்க வேண்டும்.