பட்டாளத்தில் பிள்ளை! மலை மேலே தாய்!
ஊர் பெயர் இல்லாத விலாசத்துக்குக் கடிதம் போய்ச் சேருவது எப்படி?

காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. நாமக்கல் மாவட்டத்தில் உள்ள இந்த மலையில், ஊராட்சிகளுக்கு "நாடு" என்று பெயர். வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்பது போல, பெரக்கரை நாடும் ஒன்று.

பெரக்கரை நாட்டில் இருந்து ஒரு வாலிபன் பட்டாளத்தில் சேர்ந்து, காஷ்மீர் எல்லைக்குப் போயிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மிளகுக் கொடிகளுக்கு நடுவே வளர்ந்தவன், பனிமலையில் துப்பாக்கியுடன் காவல் நிற்கிறான். மலையில் இருக்கும் தாய்க்குக் கவலை ஒன்றே ஒன்றுதான். "பிள்ளை எப்படி இருக்கிறான்?"

இந்தக் கேள்விக்குப் பதில் வரும் வழி, காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது.

ஊர் பெயர் எங்கே?

ராணுவ வீரரின் விலாசம் விசித்திரமானது. அதில் அவருடைய நம்பர் இருக்கும். பதவி, பெயர், படைப் பிரிவு இருக்கும். கடைசியில் "56 ஏ.பி.ஓ." அல்லது "99 ஏ.பி.ஓ." என்று இருக்கும். ஊர் பெயர் மட்டும் இராது!

ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம். வடக்கு, மேற்குப் பகுதிகளுக்கு 56. வடகிழக்குப் பகுதிக்கு 99. தமிழ்நாட்டுப் பின்கோடு 6 என்ற எண்ணில் தொடங்கும். ராணுவத் தபாலின் பின்கோடோ 9 என்று தொடங்கும்.

எந்தப் படை எங்கே இருக்கிறது என்பது ராணுவத் தபால்காரர்களுக்குத் தெரியும். படை இடம் மாறினால், கடிதமும் பின்னாலேயே போகும். உறையைப் பார்க்கும் அந்நியனுக்கோ ஒன்றும் புரியாது. இதுதான் அந்த விலாசத்தின் ரகசியம்!

இந்த வேலைக்கென்றே தனிப் படைப் பிரிவு இருக்கிறது. 1972 மார்ச் 1-ந் தேதி அது தனிப் பிரிவாக அமைக்கப்பட்டது. அதில் இருப்பவர்களில் பெரும்பாலோர், தபால் இலாகாவில் இருந்து போனவர்கள்.

கருப்பு மிளகு, சிவப்பு மிளகு

ரகசியம் காப்பது புதிய பழக்கம் அல்ல. முதல் உலகப் போரில், 1914-ம் ஆண்டு இந்திய வீரர்கள் பிரான்சு நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் எழுதிய கடிதங்களை வெள்ளைக்கார அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். போர்க்களத்தின் கஷ்டத்தை வெளிப்படையாக எழுத முடியாது.

ஒரு வீரர் என்ன செய்தார் தெரியுமா? கருப்பு மிளகு தீர்ந்துவிட்டது என்றும், இனிச் சிவப்பு மிளகுதான் என்றும் வீட்டுக்கு எழுதினார். கருப்பு மிளகு என்றால் இந்திய வீரர்கள். சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். சமையல் விஷயம் போலத் தோன்றும். உள்ளே இருந்ததோ சாவுச் செய்தி!

செல்போன் வந்த பிறகு

முன்பெல்லாம் வீட்டில் ஆபத்து என்றால் தந்தி போகும். தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது எல்லாவற்றுக்கும் செல்போன்தான். உலகிலேயே உயரமான போர்க்களமான சியாச்சினில்கூட, 2025 ஜனவரியில் 5ஜி வந்துவிட்டது.

ஆனால் கருவி வந்தால் போதுமா? கொல்லிமலையில் மேடும் பள்ளமும் அதிகம். மேட்டில் சிக்னல் இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் போய்விடும். மகன் பேச நேரம் கிடைக்கும்போது தாய் பள்ளத்துக் காட்டில் இருப்பாள். தாய் மேட்டுக்கு வரும்போது மகன் காவலுக்குப் போயிருப்பான்.

போனில் ஆபத்தும் உண்டு. 2020 ஜூலையில், 89 செயலிகளைத் தங்கள் போனில் இருந்து நீக்கும்படி வீரர்களுக்கு ராணுவம் உத்தரவிட்டது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. தகவல் எதிரிக்குக் கசியக்கூடாது என்பதே காரணம்.

"என் மகன் இன்றைக்கு ரயில் ஏறுகிறான், இந்த ஊருக்குப் போகிறான்" என்று பெருமையாக ஒரு தாய் பதிவு போடலாம். தாய்க்கு அது பாசம். எதிரிக்கு அது உளவு!

பேச்சு நின்றால்...

2025 மே 7-ந் தேதி பாகிஸ்தானில் இருந்த பயங்கரவாத முகாம்கள் மீது இந்தியா தாக்குதல் நடத்தியது. மே 10-ந் தேதி சண்டை நின்றது. இது போன்ற நாட்களில், எல்லையில் பிள்ளை உள்ள வீடுகளில் உலை கொதித்தாலும் சோறு இறங்காது.

அப்போது ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். போன் வராதது கெட்ட சேதி ஆகாது. காவல் பணி இருக்கலாம். போன் பேசத் தடை இருக்கலாம். பனி கொட்டலாம். வீரருக்கு ஏதாவது நேர்ந்தால், ராணுவமே குடும்பத்துக்குத் தகவல் தரும். "உன் மகன் அடிபட்டுவிட்டான், உடனே பணம் அனுப்பு" என்று யாரோ பேசினால், அவன் மோசடிக்காரன் என்றே சந்தேகப்படவேண்டும்.

வீட்டார் செய்யவேண்டியது

மகனின் நம்பர், பதவி, படைப் பிரிவு, ஏ.பி.ஓ. விலாசம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழ்தி வைக்கவேண்டும். போனில் மட்டும் இருந்தால், போன் கெட்டால் எல்லாம் போச்சு! அவசரம் என்றால், நாமக்கல்லில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். பெயரில் "முன்னாள்" என்று இருந்தாலும், இப்போது பணியில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கும் அது உதவும்.

மாதம் ஒரு கடிதமும் போடலாம். போனில் பேசிய பேச்சு காற்றோடு போய்விடும். கடிதம் சட்டைப் பையில் இருக்கும். சிக்னல் இல்லாத இடத்திலும் பத்துத் தடவை படிக்கலாம். பெரிய எழுத்தாளராக இருக்கவேண்டியது இல்லை. "பலா காய்த்திருக்கிறது. தங்கச்சி பாஸ் செய்துவிட்டாள். நாங்கள் சவுக்கியம்." இந்த மூன்று வரி போதும்.

இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்ற தாயாக இருந்தால், இன்னும் விசேஷம். அவள் கைப்பட எழுதிய கோணல் எழுத்தைப் பார்த்தால், பனிமலையில் நிற்கும் பிள்ளைக்குக் குளிர் தெரியுமா?