அறிவும் சொத்தும்

"அறிவுசார் சொத்து" என்னும் சொற்றொடர் இப்பொழுது சட்டசபைகளிலும் நியாயஸ்தலங்களிலும் சர்வ சாதாரணமாய் வழங்குகிறது. ஒன்றுக்கொன்று வேறான பல பாத்தியதைகளை ஒரே மூட்டையாய்க் கட்டி, அதன்மேல் "சொத்து" என்று எழுதி ஒட்டியிருப்பதே இதிலுள்ள குறை. நமது தேசச் சட்டப்படி பதிப்புரிமை, நூலாசிரியனது ஆயுளுக்குப் பின்னும் 60 வருஷம் செல்லும். பேடண்ட் உரிமை 20 வருஷத்தோடு தீர்ந்துவிடும். வியாபாரக் குறியோ, 10 வருஷத்துக்கொருமுறை புதுப்பித்து வந்தால் முடிவற்றது. காலமும் நோக்கமும் வேறாயிருக்க, பெயர் மட்டும் ஒன்றாயிருப்பானேன்?

ஒருவனது நிலத்தைப் பிறன் கைப்பற்றினால் உடையவன் அதை இழக்கிறான். ஒருவனறிந்ததைப் பிறனும் அறிவதால் முன்னவனது அறிவு குறைவதில்லை. ஆகவே இவ்வுரிமைகள், பொதுஜன நன்மையை முன்னிட்டு ராஜாங்கம் தவணை வைத்து அளித்த சலுகைகளேயாம். உழைத்தவனுக்கு ஊதியம் கூடாதென்பது நமது கருத்தன்று. சலுகையைச் சாசுவத சொத்தென மயங்கலாகாது என்பதே நாம் சொல்வது.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. நோயாளிகளின் உயிரைப் பற்றிய விஷயம். 1970-ஆம் வருஷத்துப் பேடண்ட் சட்டம், மருந்தைச் செய்யும் முறைக்கு மாத்திரம் உரிமை கொடுத்தது, மருந்துக்கே கொடுக்கவில்லை. அதனால் நம்மவர் வேறு முறைகளில் அதே மருந்துகளைச் செய்து மலிவாக விற்றனர். 1995-இல் அமலுக்கு வந்த உலக வர்த்தக உடன்படிக்கையின் நிர்ப்பந்தத்தால், 2005 முதல் மருந்துக்கும் பேடண்ட் அளிக்க நேர்ந்தது. எனினும், தெரிந்த மருந்தின் புது வடிவம் குணத்தில் மேம்பட்டாலன்றி உரிமையில்லை என்னும் வேலியை நமது பார்லிமெண்டு இட்டது. இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் என்னும் மருந்தைப் பற்றி நோவார்ட்டிஸ் கம்பெனி தொடுத்த வழக்கில், 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கேட்டது, "இது யாருடைய சொத்து?" என்பதன்று, "புது வடிவத்தால் நோயாளிக்குக் கூடுதல் குணமுண்டா?" என்பதே. அது நிரூபிக்கப்படாமையால் கம்பெனியின் கோரிக்கை தள்ளுபடியாயிற்று.

பாரதியார் நூல்களின் உரிமையை 1949-இல் சென்னை சர்க்கார் பெற்றுப் பின்னர்ப் பொதுவுடைமையாக்கியதையும் தமிழர் மறவார். அதனால் தமிழ் வளர்ந்ததேயன்றிக் குன்றவில்லை.

இனி எவரேனும் "அறிவுசார் சொத்து" என்று முழங்கினால், நாம் கேட்க வேண்டியவை மூன்று: எந்த உரிமை? எத்தனை காலம்? பொதுஜனங்களுக்கு என்ன கைம்மாறு? இவற்றிற்கு விடை வரும்வரை, பெயரைக் கண்டு மலைத்து நமது பாத்தியதையை விட்டுக்கொடுக்கலாகாது.