காருக்கு ஏன் வயது பார்க்கிறீர்கள்?

பெங்களூரில் இருக்கும் என் மகன் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வான். உடம்பு எப்படி, அம்மா மாத்திரை சாப்பிட்டாங்களா, அங்கே மழையா என்று எல்லாம் கேட்டுவிட்டு, வைப்பதற்கு முன்னால் கடைசியாக ஒன்று கேட்பான். "அப்பா, அந்த வண்டியை எப்ப எடைக்குப் போடப் போறீங்க?"

அந்த வண்டி 2003-ம் ஆண்டு மாருதி 800. நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது, 2009-ல், ஒரு பள்ளி ஆசிரியரிடமிருந்து வாங்கினேன். அப்போது அதற்கு 6 வயது. 2018-ல் பதிவுக் காலம் முடிந்ததும் புதுப்பித்தேன். கட்டணம் 600 ரூபாய். 2023-ல் மறுபடி புதுப்பித்தேன். கட்டணம் 5,000 ரூபாய். அடுத்த முறை 2028-ல் வருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 வயது தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். மற்ற செலவுகள் தனி. "வண்டியே அவ்வளவுக்குத்தான் போகும்" என்கிறான் மகன். கணக்கில் அவன் சொல்வது ஏறக்குறைய சரிதான். நியாயத்தில் சரியில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓய்வூதியம் வாங்கும் நாம் எல்லோரும் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்ச் சான்று கொடுக்கிறோம். அலுத்துக்கொண்டேதான் கொடுக்கிறோம். ஆனால் அந்த முறையில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆள் இருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். "இவருக்கு 75 ஆகிவிட்டது, இந்நேரம் போயிருப்பார்" என்று கோப்பை மூடிவிடுவதில்லை. அது மட்டுமா, 80 வயதானால் ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூட்டியும் கொடுக்கிறார்கள். காருக்கு 20 வயதானால் மட்டும் கட்டணத்தைக் கூட்டுகிறார்கள்!

நான் கேட்பது இதுதான். காருக்கும் உயிர்ச் சான்று கேளுங்கள். வயதுச் சான்று கேட்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு விதியைப் படிக்காமல் தூக்கம் வராது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோகத்துக் காரின் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். லாரி, பஸ், டாக்சிக்கு எஃப்.சி. உண்டு. முதல் 8 வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடா வருடம். சொந்தக் காருக்கு? இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும், புகைச் சான்று இருக்க வேண்டும். அவ்வளவுதான். பிரேக் பிடிக்கிறதா, டயரில் பட்டன் இருக்கிறதா, ஸ்டீயரிங் ஆடுகிறதா என்று 15 வருடத்துக்கு ஒருவரும் பார்ப்பதில்லை.

எங்கள் தெருவிலேயே 6 வயதான ஒரு கார் நிற்கிறது. பார்க்கப் பளபளவென்று இருக்கும். நான்கு டயரும் வழுக்கை. சொன்னால் "ஓடுதே சார்" என்று சிரிக்கிறார். அவருடைய வண்டிக்குக் கட்டாயச் சோதனை கிடையாது. இன்னும் 9 வருடம் அவரை யாரும் கேட்கமாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்க்கும் என் வண்டிதான் சந்தேகத்துக்குரியது. 15 வருடம் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, பதினாறாம் வருடம் கண்ணை உருட்டுவது என்ன முறை?

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரே வருடம், ஒரே ஆணையில் வாங்கிய இரண்டு ஜீப்புகள் இருந்தன. ஒன்றின் டிரைவர் காலையில் ஆயில் பார்க்காமல் சாவி போடமாட்டார். ரேடியேட்டரில் தண்ணீர், பேட்டரியில் தண்ணீர், டயரில் காற்று, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பார். இன்னொன்றுக்கு நிலையான டிரைவர் கிடையாது. கைக்குக் கை மாறியது. ஏழே வருடத்தில் அது கொல்லைப்புறத்தில் வேப்பமரத்தடியில் நின்று, உள்ளே கோழி முட்டையிட்டது. முதல் ஜீப் நான் மாற்றலாகிப் போகும் வரை ஓடியது. பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே வயது. 2023 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டிய அரசு வாகனங்களை எல்லாம் கழித்துவிட வேண்டும் என்று வந்ததே விதி, அதன் கண்ணுக்கும் இரண்டும் ஒன்றுதான். அந்த டிரைவரின் நோட்டுக்கு என்ன மரியாதை?

டெல்லியில் இதைவிடக் கடுமை. டீசல் வண்டிக்கு 10 வருடம், பெட்ரோல் வண்டிக்கு 15 வருடம் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 ஜூலை 1-ம் தேதி முதல் வயதான வண்டிகளுக்குப் பங்க்கில் பெட்ரோல் ஊற்றக்கூடாது என்றார்கள். ஜனங்கள் கூச்சல் போட்டதும் சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். டெல்லிக்காரர்களுக்கு மூச்சுக்காற்று பெரிய பிரச்சினை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் புகையை அளந்து பாருங்கள். பிறந்த தேதியை எதற்கு அளக்கிறீர்கள்?

இப்போது நான் பிரெஞ்சில் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் பழைய காரை "செகண்ட் ஹேண்ட்" என்கிறோம். இரண்டாம் கை என்றாலே ஒரு மாற்றுக் குறைவாகத் தோன்றுகிறது. பிரெஞ்சுக்காரன் அதை "வுவாத்யூர் தொக்காசியோன்" என்பான். ஒக்காசியோன் என்றால் வாய்ப்பு, நல்ல சந்தர்ப்பம். ஒரு பொருளை எந்தப் பெயரால் கூப்பிடுகிறோமோ அப்படித்தான் அதை நடத்துகிறோம்.

என் அத்தை மகன் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு, ராணுவத்தில் இருந்துவிட்டு, அங்கேயே ஒரு சிற்றூரில் தங்கிவிட்டான். அவனிடம் ஒரு பழைய பெழோ 205 இருந்தது. நான் போயிருந்தபோது 20 வயது தாண்டியிருந்தது. "இதை எடுத்துக்கொண்டு ரோட்டில் போக விடுகிறார்களா?" என்று கேட்டேன். "ஏன் விடமாட்டார்கள்? கோந்த்ரோல் தெக்னிக் பாஸ் ஆகியிருக்கே" என்று முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டைக் காட்டினான்.

அந்தச் சோதனை பிரான்சில் 1992-ல் வந்தது. புதுக் கார் என்றால் நான்காம் வருடம் முதல் சோதனை. அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், விளக்கு, டயர், அடித்தகட்டில் துரு, புகை, எல்லாவற்றையும் பார்த்துக் காகிதத்தில் எழுதித் தருவார்கள். பெரிய குறை இருந்தால் இரண்டு மாதம் அவகாசம். சரிசெய்து திரும்பக் காட்ட வேண்டும். ஆபத்தான குறை என்றால் அன்று நள்ளிரவுக்கு மேல் அந்த வண்டி ஓடக்கூடாது. நான்கு வயதுக்கு மேற்பட்ட வண்டியை இன்னொருவருக்கு விற்பதென்றால் ஆறு மாதத்துக்குள் எடுத்த சோதனைக் காகிதத்தைக் காட்டியாக வேண்டும். வாங்குகிறவன் ஏமாறும் வாய்ப்பு குறைவு. பாரிஸ் போன்ற நகரங்களில் மாசு அதிகம் விடும் பழைய வண்டிகளுக்குத் தடை கொண்டு வந்தார்கள் என்பதையும் மறைக்கமாட்டேன். அதற்கு அங்கே எதிர்ப்பும் இருந்தது. ஆனால் அடிப்படை முறை, வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்ப்பது.

இன்னொன்றும் உண்டு. 2017 முதல் அங்கே பழுது பார்க்கும் கராஜ்காரர், பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய நல்ல உதிரிப் பாகம் வேண்டுமா என்று வாடிக்கையாளருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. சீக்கிரம் கெட்டுப்போகும்படி வேண்டுமென்றே பொருளைத் தயாரிப்பது 2015 முதல் அங்கே குற்றம். இங்கே நம் பிள்ளைகள் "மாத்திடலாம் சார்" என்ற ஒரே மந்திரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மந்திரத்தை நானும் கேட்டேன். போன கத்திரி வெயிலில் வண்டி சூடாக ஆரம்பித்தது. இந்திரா காந்தி சிலை சிக்னலில் நின்றால் முள் சிவப்பைத் தொடும். எல்லாக் கம்பெனிக் கார்களையும் பார்க்கும், ஏசி போட்ட ஒரு பெரிய பணிமனைக்குக் கொண்டு போனேன். காபி கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து, எஞ்சினை இறக்க வேண்டும், 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். "இந்த வண்டிக்கு இவ்வளவு செலவு பண்றதுக்கு மாத்திடலாம் சார்" என்று ஒரு வண்ணக் காகிதத்தையும் கையில் கொடுத்தார்கள்.

வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு நெல்லித்தோப்பில் இருக்கும் என் பழைய மெக்கானிக்கிடம் போனேன். பத்மினி, அம்பாசிடர் காலத்திலிருந்து தொழில் செய்பவர். பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார். "சார், நிக்கும்போது சூடாவுதா, ஓடும்போது சூடாவுதா?"

"நிற்கும்போதுதான். மரக்காணம் ரோட்டில் போனால் ஒன்றும் இல்லை."

"அப்ப ஃபேன் பாருங்க."

ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். நிற்கும்போது ஃபேன்தான் காற்றிழுக்க வேண்டும். ஓடும்போதும் சூடானால்தான் ரேடியேட்டர் அடைப்பா, தண்ணீர் பம்ப்பா, தெர்மோஸ்டாட்டா என்று தேட வேண்டும். அவர் பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரைக் கொடுத்தார். ஃபேன் சுற்றியது. மோட்டார் நல்லது, ரிலே போய்விட்டது. ரிலே 350 ரூபாய், கூலி 200. எஞ்சின் இன்றுவரை இறக்கப்படவில்லை.

அவரிடமும் இப்போது ஸ்கேனர் இருக்கிறது, செல்போனில் இணைத்துப் பார்க்கிறார். ஆனால் கேள்வி கேட்கும் புத்தியை ஸ்கேனர் தராது. அவருடைய மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை, சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டான். "பழைய வண்டியே இருக்காதுன்றாங்க, இவன் எதுக்கு சார் கத்துக்கணும்?" என்று அவரே கேட்கிறார். கழிவது வண்டி மட்டும் இல்லை.

பழைய கார் வாங்குகிறவர்களும் நடுவில் ஒரு குற்றவாளிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். பெயிண்டைப் பார்த்து வாங்குகிறார்கள். நான் 2009-ல் ஆசிரியரிடம் சொன்னேன், "நான் காலை ஆறரைக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. சூடான எஞ்சின் எல்லா நோயையும் மறைத்துவிடும். ஆயில் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். பால் விட்ட காபி மாதிரி படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஸ்டார்ட் செய்து புகையைப் பார்த்தேன். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளை குளிரில் கொஞ்சம் வரும், நிற்காமல் வந்தால் சந்தேகம். நம்முடையது கடலோர ஊர் ஆயிற்றே, கால்மிதியைத் தூக்கித் தகட்டில் துருவைப் பார்த்தேன். மட்கார்டு போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தழும்பு இருந்தால் அடிபட்ட வண்டி. பிறகுதான் ஆர்.சி., வங்கிக் கடன் பாக்கி, படிவம் 29, படிவம் 30. விற்கிறவர்களே, பெயர் மாறும் வரை விடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒரு குமாஸ்தா முக்கால் மணி நேரத்தில் இவ்வளவு பார்க்க முடியுமென்றால், கருவிகள் உள்ள அரசாங்கத்தால் ஏன் முடியாது? 2021-ல் அறிவித்த கழிவுக் கொள்கையில் தானியங்கிச் சோதனை நிலையங்கள் வேண்டும் என்று ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. அதை முதலில் ஊருக்கு ஊர் கட்டுங்கள். நான்காம் வருடத்திலிருந்தே எல்லாக் காரையும் அதில் ஏற்றுங்கள். தேறாததை நிறுத்துங்கள், அது 5 வயதானாலும் சரி, என்னுடையதானாலும் சரி. தேறியதற்கு எல்லோருக்கும் ஒரே கட்டணம் வாங்குங்கள்.

என் வண்டியில் காற்றுப்பை கிடையாது. புது வண்டியை விடப் புகையும் கொஞ்சம் கூடத்தான் விடும். எனக்குத் தெரியும். அதனால்தான் அறுபதுக்கு மேல் போவதில்லை, இரவில் நெடுஞ்சாலைக்குப் போவதில்லை. மாதம் இரண்டு தடவை மனைவியைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன், சந்தைக்குப் போகிறேன். இதற்காகப் புதுக் கார் வாங்க ஐந்து லட்சம் எடுத்தால், நாளைக்கு அவளுடைய கண்ணுக்கு எடுத்து வைத்திருப்பதில்தான் கை வைக்க வேண்டும். என்னைப் போன்ற வீடுகள் இந்த ஊரில் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும்.

மகனிடம் போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். "2028-ல் நல்ல மிஷினில் ஏற்றிச் சோதிக்கட்டும். தேறாவிட்டால் நானே எடைக்குப் போடுகிறேன். தேறினால் நீ வாயை மூடிக்கொள்ள வேண்டும்."

"வண்டிக்கா, உங்களுக்கா அப்பா?" என்று கேட்டான்.

இரண்டு பேருக்கும்தான் என்றேன்.