மனை வாங்கும் விவசாயி மண்ணைப் பார்க்கட்டும்!

துறையூர், முசிறி, தொட்டியம், மணப்பாறை வட்டாரங்களில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்துப் பயிர் செய்யும் குடும்பங்களில் இப்போது ஒரே பேச்சாக இருக்கிறது. "பிள்ளைகள் படிப்புக்காகத் திருச்சிப் பக்கம் ஒரு மனை வாங்கிப் போட வேண்டும்" என்பதே அது. ஆசை தவறானதல்ல. ஆனால் அந்த மனையை வாங்குகிற விதம்தான் கவலை தருகிறது.

மாடு வாங்கப் போகும் விவசாயி பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், ஏரில் பூட்டி நடக்கவிட்டுப் பார்க்கிறார். விதை வாங்கினால் ஒரு பிடியை ஈரத்துணியில் கட்டி முளை பார்க்கிறார். அதே விவசாயி, ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைக் கொடுத்து மனை வாங்கும்போது மட்டும், தரகர் நீட்டும் நோட்டீசையும் நட்டு வைத்த வண்ணக் கொடிகளையும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுகிறார். மண் பார்க்கத் தெரிந்தவர் மண்ணைப் பார்க்காமலே ஏமாறுவது வேதனைக்குரியது.

திருச்சி நகரம் 1994ல் மாநகராட்சி ஆயிற்று. ஸ்ரீரங்கமும் பொன்மலையும் அதனுடன் இணைந்தன. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சியின் மக்கள்தொகை எட்டரை லட்சத்தை நெருங்கியது. அதன் பிறகும் நகரம் நான்கு திசையிலும் வளர்ந்துகொண்டே போகிறது. எந்தத் திசையில் குடியேறுவது நல்லது என்பதைப் பஸ் வசதியையும் பள்ளிக்கூடத்தையும் மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்த இடம் மேடா பள்ளமா, நன்செய்யா புன்செய்யா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஆற்றுக்கு நடுவே

ஸ்ரீரங்கமும் திருவானைக்கோவிலும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு. மணற்பாங்கான பூமி, கொஞ்ச ஆழத்திலேயே நல்ல தண்ணீர். கோயில், பள்ளிக்கூடம், ரயில் நிலையம் எல்லாம் உண்டு. எட்டரை, கோப்பு, போசம்பட்டி கிராமங்களில் பறிக்கும் மல்லிகை ஸ்ரீரங்கம் பூச்சந்தைக்குத்தான் வருகிறது. வயதான காலத்தில் அமைதியாக இருக்க நினைப்பவர்களுக்கு இது நல்ல இடம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் தீவு தீவுதான். காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க 2022ன் பிற்பகுதியில் மூடியபோது மாதக்கணக்கில் மக்கள் சுற்றுவழியில் போக வேண்டியிருந்தது. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்ததை இந்த மாவட்டத்து விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றை ஒட்டிய தாழ்வான தோப்புகளில் போடும் மனைகளை விட்டுவிட்டு, பழைய குடியிருப்பு மேட்டில் இடம் கிடைத்தால் மட்டுமே வாங்க வேண்டும். கோயிலைச் சுற்றிய பகுதிகளில் அடிமனை பற்றிய சிக்கல் நெடுங்காலமாக உண்டு. பத்திரம் பதிவாகுமா என்று தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்கக் கூடாது.

உய்யக்கொண்டான் பாசனத்தில்

இன்று அதிக ஆசையோடு பார்க்கப்படுவது புத்தூரிலிருந்து வயலூர் போகும் சாலைதான். நகரத்துக்கு அருகில் இருக்கிறது. காற்று குளிர்ச்சியாக வருகிறது. வாழையும் நெல்லும் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகின்றன. அந்தப் பச்சையைக் காட்டித்தான் மனை விற்கிறார்கள். எல்லோரும் வாங்கி முடித்த பிறகு அந்தப் பச்சை இராது என்பதை யாரும் சொல்வதில்லை.

பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால் நகரத்தின் ஊடாகவே போய், கிழக்கே வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. வழியெல்லாம் அது வளர்த்த நன்செய்தான் இன்று நகர்களாகப் பெயர் மாறிக்கொண்டிருக்கிறது. நன்செய் மண் தண்ணீரைத் தாங்கி நிற்கும் மண். பயிருக்கு அது வரம். வீட்டுக்கு அதுவே சாபம். நீர்மட்டம் மேலே இருப்பதால் கழிவுநீர்த் தொட்டி இறங்காது. அந்த அழுக்கே பக்கத்துக் கிணற்றில் ஊறும். களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். கடைக்கால் ஆழமாகப் போடாத வீட்டில் சுவர் வெடிக்கும்.

வெள்ளம் இன்னொரு ஆபத்து. மணப்பாறை, விராலிமலைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழை கோரையாற்றின் வழியே இறங்கிக் குடமுருட்டியாகக் காவிரியில் சேருகிறது. காவிரியும் நிறைந்து ஓடும் நாளில் அந்தத் தண்ணீர் வடிய வழியில்லாமல் எதிர்த்து நிற்கும். 1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் திருச்சியின் தாழ்வான பகுதிகள் மூழ்கியது இப்படித்தான். தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. மனை போட்டவர்தான் மறந்துவிடுகிறார்.

கிழக்கே தொழிற்சாலைகள்

தஞ்சைச் சாலையில் திருவெறும்பூர், துவாக்குடிப் பகுதி 1960களில் வந்த கொதிகலன் தொழிற்சாலையால் வளர்ந்தது. பின்னர் துப்பாக்கித் தொழிற்சாலையும் சிறு பட்டறைகளும் வந்தன. தேசியத் தொழில்நுட்பக் கழகமும் அங்கேதான் இருக்கிறது. பற்றவைப்பு, கடைசல் வேலை கற்ற விவசாயி வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பகுதி சோறு போடுகிறது. மகன் அங்கே வேலைக்குப் போவதாக இருந்தால் அங்கே குடியிருப்பதே சிக்கனம்.

இங்கேயும் இடம் பார்த்து வாங்க வேண்டும். நகரத்துக் குப்பையைப் பல ஆண்டுகள் சுமந்த அரியமங்கலம் கிடங்கின் புகையும் நாற்றமும் காற்று வீசும் பக்கத்தில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். சாலைக்கு வடக்கே தாழ்வான வயல்கள். தெற்கே போகப் போகச் செம்மண்ணும் சரளையும். வீட்டுக்குத் தெற்குப் பக்கமே நல்லது.

தெற்கே மேட்டு நிலம்

விமான நிலையம், கே.கே. நகர் பக்கம் பெரும்பாலும் வானம் பார்த்த புன்செய். அடியில் பாறை. கடைக்கால் உறுதியாக நிற்கும். மழைநீர் தேங்காமல் ஓடும். கல்லூரி, மருத்துவமனை, உழவர் சந்தை எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. குறை ஒன்றுதான். கோடையில் தண்ணீர் கிடைப்பது அரிது. ஆழ்துளைக் கிணறு பல இடங்களில் வெறும் புழுதியைத்தான் கக்கும். மாநகராட்சியின் காவிரிக் குடிநீர் அந்தத் தெருவுக்கு வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாங்கினால், குடியிருப்பதற்கு நகரைச் சுற்றி இதைவிட நல்ல பூமி இல்லை.

மேடு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. மாவடிக்குளம், கொட்டப்பட்டுக் குளம் போன்றவை மழைநீரை நம்பிய குளங்கள். அவற்றின் உட்பகுதியிலும் கலிங்கு வழியும் பாதையிலும் உள்ள மனை, மேட்டு நிலத்துக்குள் இருக்கும் பள்ளமே ஆகும்.

மதுரைச் சாலையில் பஞ்சப்பூரில் 2025ல் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்த பிறகு அந்தப் பக்கத்து விலை ஏறியிருக்கிறது. பஸ் நிலையம் பக்கத்தில் வந்ததால் கோரையாறு தள்ளிப் போய்விடவில்லை. ஆற்றங்கரையை விட்டு விலகி நிற்கும் மனையைத்தான் தேட வேண்டும்.

கொள்ளிடத்துக்கு வடக்கே

நெம்பர் ஒன் டோல்கேட், சமயபுரம், மண்ணச்சநல்லூர்ப் பகுதிகள் பயிர்த்தொழிலை விடாமல் நகரத்தோடும் ஒட்டியிருக்க விரும்புவோருக்கு ஏற்றவை. பெருவளை வாய்க்காலும் அய்யன் வாய்க்காலும் பாயும் ஊர்கள். அரிசி ஆலைகள் உண்டு. சமயபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடுகிறது. ஒரு கறவை மாடும் நாலு ஆடும் வைத்துக்கொண்டு குடியிருக்கலாம். மாநகராட்சி எல்லைக்குள் இது எளிதல்ல. தெருவில் அலையும் மாட்டைப் பிடித்து அபராதம் விதிப்பார்கள். பிள்ளைகள் திருச்சிக்குப் படிக்கப் போனால் நாள்தோறும் இரண்டு ஆறுகளைத் தாண்ட வேண்டும் என்பதே குறை. இங்கும் வாய்க்கால் பாயும் வயலை விட்டு, ஊர் நத்தத்தை ஒட்டிய மேட்டில் இடம் பார்ப்பதே முறை.

இரண்டு பக்கமும் நட்டம்

இதில் விவசாயி ஒரு பக்கம் மட்டும் நிற்கவில்லை என்பதை உணர வேண்டும். சோமரசம்பேட்டையில் மனை வாங்கும் துறையூர் விவசாயியும், அந்த மனைக்காக வயலை விற்ற உள்ளூர் விவசாயியும் ஒரே ஜாதி, உழவர் ஜாதி. நடுவில் ஒரு வயல் மனையானால் கன்னி வாய்க்கால் அடைபடுகிறது. அடுத்த வயலுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை, மழைக்காலத்தில் வடிவதுமில்லை. இரண்டு போகம் தரிசு கிடந்தால் அவரும் விற்றுவிடுகிறார். இப்படி ஒருவர் பின் ஒருவராக விற்றுக்கொண்டே போனால், கடைமடையில் வாழவந்தான்கோட்டைப் பக்கம் காத்திருக்கும் விவசாயிக்கு வந்து சேருவது நகரத்துச் சாக்கடைதான்.

கடனுக்காகவும் மகள் கல்யாணத்துக்காகவும் விற்பவரைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் புன்செய்யும் நன்செய்யும் வைத்திருப்பவர் விற்றே தீர வேண்டுமானால் புன்செய்யை முதலில் விற்கட்டும். நன்செய்யில் ஒரு பகுதியை விற்க நேர்ந்தால், வாய்க்கால் உரிமையையும் வண்டிப்பாதையையும் பத்திரத்தில் எழுதிக்கொள்ளட்டும். அரசும் சும்மா இருக்கக் கூடாது. நன்செய்யை மனையாக்க வேளாண்மைத் துறையின் ஆட்சேபணை இல்லை என்ற சான்று கேட்கும் விதி காகிதத்தோடு நின்றுவிடாமல், பாசன வாய்க்காலும் வடிகாலும் அடைபடும் இடத்தில் அனுமதியை அடியோடு மறுக்க வேண்டும்.

முன்பணம் கொடுக்கும் முன்

மனை வாங்குபவர் கிராம 'அ' பதிவேட்டைப் பார்த்தால் அந்த நிலம் நன்செய்யா புன்செய்யா என்பது தெரிந்துவிடும். புல வரைபடத்தில் வாய்க்காலும் ஓடையும் கோடாகத் தெரியும். இரண்டையும் இன்று இணையச் சேவை மையத்திலேயே வாங்கலாம். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி எண்ணைக் கேட்க வேண்டும். அனுமதியில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017ல் வந்த விதிகள் 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவானவற்றுக்குத்தான் வழிவிட்டன. "பிறகு சரிசெய்துகொள்ளலாம்" என்ற தரகர் பேச்சை நம்பி இறங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மனையை மாசி, பங்குனியில் பார்க்காமல் கார்த்திகை மழையில் போய்ப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை எவ்வளவு உயரம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், "இங்கே முன்பு என்ன பயிர் வைத்தார்கள்?" என்று கேட்க வேண்டும். "சோளமும் கடலையும்" என்று சொன்னால் வீடு கட்டலாம். "நெல்லும் வாழையும்" என்று சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

மேட்டில் வீடு, பள்ளத்தில் பயிர் என்பது முன்னோர் ஊர் அமைத்த கணக்கு. நத்தத்தை மேட்டில் வைத்து, வயலை வாய்க்காலுக்குக் கீழே வைத்தது வசதி பார்த்து மட்டுமல்ல. இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் இருக்கத்தான். ஊரில் உள்ள நன்செய்யை விற்று நகரத்தில் ஒரு நன்செய்யை மூடும் மனையை வாங்கினால், இரண்டு வயல் போகும். கையில் இருப்பது ஈரம் வற்றாத ஒரு வீடு மட்டுமே. விவசாயப் பெருமக்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.