பாய்லருக்குள் கேமரா... விறகின் ஈரத்தைச் சொல்லுமா?

கேள்வி: ‘‘சீமைக்கருவேல விறகை மின் நிலையத்துக்கு அனுப்புகிறோம். ‘விறகு ஈரமாக இருப்பது பாய்லர் கேமராவிலேயே தெரிகிறது’ என்று எடையில் கழிக்கிறார்கள். நெருப்புக்குள் கேமரா வைக்க முடியுமா? அது ஈரத்தை அளக்குமா?’’

- வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்.

பதில்: கேமரா வைக்க முடியும். ஆனால், ஒருவருடைய லோடில் எவ்வளவு ஈரம் என்பதை அது சொல்லாது.

பாய்லர் சுவரில் சிறு துளையிட்டு, நீரோ காற்றோ சுற்றிவரும் குழாய்க்குள் கேமராவைப் பொருத்துவார்கள். லென்ஸில் சாம்பல் படியாதபடி காற்று ஊதிக்கொண்டே இருக்கும். சாதாரண கேமராவில் தீச்சுடர்தான் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பது மறைந்துவிடும். அகச்சிவப்புக் கேமராவில் 3.9 மைக்ரான் அலைநீளத்தை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டி இருந்தால், சுடரைத் தாண்டி, தட்டில் எரியும் விறகையே பார்க்கலாம். சூடான கரியமில வாயுவும் நீராவியும் அந்த அலைநீளத்தில் மிகக் குறைவாகவே ஒளிர்வதுதான் காரணம். ஒளிர்வின் அளவை வைத்து, எந்த இடத்தில் எவ்வளவு வெப்பம் என்றும் கணக்கிடலாம்.

நகரும் தட்டு உள்ள பாய்லரில் விறகு முதலில் உலர்ந்து, பிறகு தீப்பற்றி, கடைசியில் சாம்பலாக விழும். ஈர விறகு உலர நேரமெடுப்பதால், நெருப்பு சாம்பல் விழும் பக்கமாகத் தள்ளிப்போகும். எரியாத கரி சாம்பலோடு போய்விடும். இதைக் கேமராவில் பார்த்து, தட்டின் வேகத்தையும் காற்றையும் மாற்றுவார்கள். கேமராவின் முக்கியமான வேலை இதுதான்.

களத்தில் பலருடைய விறகும் கலந்துவிடுகிறது. தட்டில் எரியும்போது அது யாருடைய விறகு என்று கேமராவுக்குத் தெரியாது. எனவே, லோடு இறங்கும்போதே மாதிரி எடுத்துச் சோதிப்பதுதான் முறை. பல இடங்களிலிருந்து எடுத்த 1 கிலோ விறகுத் துண்டுகளை 105 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், எடை இனிமேல் குறையாது என்ற நிலை வரும்வரை உலர்த்த வேண்டும். 650 கிராம் மிஞ்சினால், ஈரப்பதம் 35 சதவிகிதம். கழிவு போட்டால், இந்தச் சோதனை விவரத்தைத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

அதேநேரம், ஈரத்துக்கு விலையைக் குறைப்பதிலும் நியாயம் உண்டு. 40 சதவிகித ஈரமுள்ள 1 டன் விறகில் 400 கிலோ தண்ணீர்தான். அதை ஆவியாக்க மட்டுமே ஏறத்தாழ 55 கிலோ உலர்ந்த விறகின் வெப்பம் செலவாகிவிடும். வண்டி வாடகையிலும் பெரும்பங்கு தண்ணீரைச் சுமக்கவே போகிறது.

வெட்டியதும் ஏற்றாமல், காற்றோட்டமாக அடுக்கி வெயிலில் சில வாரங்கள் காயவிடலாம். அடியில் கட்டைகளைப் போட்டு அடுக்கினால் தரை ஈரம் ஏறாது; மண்ணும் ஒட்டாது. மண் அதிகம் கலந்தால் சாம்பல் உருகிக் கட்டிதட்ட வாய்ப்பு உண்டு. வேரோடு பிடுங்கிய கட்டைகளை மண்ணை உதிர்த்துவிட்டு அனுப்புவது நல்லது.