உண்ணும் பயிரில் மருந்தா?

நோய் தீர்க்கும் மருந்தை வயலிலே விளைவிக்கலாம் என்கிறது விஞ்ஞானம். கற்பனையன்று, நண்பர்களே! ஒரு புரதத்திற்குரிய மரபணுவைச் செடிக்குள் செலுத்தினால், மண்ணையும் நீரையும் வெயிலையும் கொண்டு அச்செடியே அப்புரதத்தைச் செய்து தருகிறது. 1989ஆம் ஆண்டிலேயே புகையிலைச் செடியில் நோயெதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கிக் காட்டிவிட்டனர். இதனால் மருந்தின் விலை குறையுமானால், விஞ்ஞானம் பயிலும் எனக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

ஆனால், எந்தச் செடியில் விளைவிப்பது? இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும்.

நெல்லும் மக்காச்சோளமும் ஏற்றவை என்பார்கள். காரணம் உண்டு. உலர்ந்த விதைக்குள் புரதம் நெடுநாள் கெடாமலிருக்கும். மெய்தான். அதே விதையை மனிதன் உண்கிறான். அதே விதை சிந்திய இடத்தில் முளைக்கிறது. இதை மறக்கலாமா?

மறந்தால் என்ன நேரும் என்பதை அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் காட்டியது. புரோடிஜீன் என்னும் நிறுவனம் 2001இல் அங்கே மருந்துப் புரதம் தரும் மக்காச்சோளத்தைச் சோதனையாகப் பயிரிட்டது. மறு ஆண்டு அதே வயலில் சோயா விதைத்தார்கள். முன்னாண்டு சிந்திய சோளம் சோயாவின் நடுவே தானாக முளைத்தது. அறுவடையில் அதன் தழையும் தண்டும் கலந்தன. அந்தச் சோயா, கிடங்கிலிருந்த 5 இலட்சம் புஷல் சோயாவோடு சேர்ந்துவிட்டது. ஏறத்தாழ 13,600 டன்! கடைக்குப் போகுமுன் அதிகாரிகள் தடுத்து, அத்தனையையும் அழிக்கச் செய்தனர். நிறுவனத்திற்கு 2,50,000 டாலர் அபராதம்.

"சட்டத்தை இறுக்கினால் போதாதா?" என்று கேட்பர் சிலர். சட்டம் அங்கேயும் இருந்தது. அகன்ற பண்ணைகள் உள்ள நாட்டிலேயே இக்கதியென்றால், வரப்பை ஒட்டி வரப்பும், பலர் கதிரடிக்கும் பொதுக்களமும் உள்ள நம் நாட்டில் யார் காவல் நிற்பது?

வேறு வழி உண்டு. கோஷே என்னும் பரம்பரை நோய்க்கான நொதியைக் கேரட்டின் உயிரணுக்களில் உண்டாக்குகிறார்கள். அவை வயலில் வளர்வதில்லை. மூடிய பைகளுக்குள் வளர்கின்றன. 2012இல் அமெரிக்கா அம்மருந்தை ஏற்றது. 2022இல் கனடா ஏற்ற கொரோனாத் தடுப்பு மருந்தோ, புகையிலை இனத்துச் செடியொன்றில், கண்ணாடிக் கூடத்திற்குள் உருவானது. தயாரித்த நிறுவனம் மறு ஆண்டே மூடப்பட்டது. அது காட்டிய வழி மூடப்படவில்லை.

நாளை இத்துறையில் நுழையப்போகும் தோழர்களே! எவ்வளவு புரதம் கிடைக்கும் என்று கணக்கிடுமுன், தப்பினால் அது யார் தட்டில் விழும் என்று கேளுங்கள். மருந்து அளந்து கொடுக்க வேண்டியது. சோறு அள்ளிக் கொடுக்க வேண்டியது. இரண்டையும் ஒரே கதிரில் விளைவிக்க வேண்டாம்.